புறா வளர்த்தவர் தந்த அல்காரிதம்

ஈ.சி.இ பக்கம் எந்த பேட்ச்சை எடுத்தாலும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பட்டியலில் ஒரு தலைப்பு நிச்சயம் இருக்கும். ஜெனெடிக் அல்காரிதம் வைத்து ஆன்டெனா அரே வடிவமைப்பது. சிலர் அதையே பறவைக் கூட்டம், எறும்பு, சாம்பல் ஓநாய், திமிங்கிலம் என்று ஆளை மாற்றிச் செய்வாங்க. கோட் இணையத்தில் கிடைத்துவிடும், கிராஃபும் அழகா வரும். இந்த யோசனை யாருடையது என்று ரிவ்யூவில் கேட்டால் ஜான் ஹாலண்டு, 1975 என்று சொல்லித் தப்பிக்கலாம். பதில் சரிதான்.

ஆனா அந்த யோசனையின் வேர் அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஆன்டெனா என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலத்தில், உடம்பு சரியில்லாத ஒரு மனிதர் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீட்டின் பின்பக்கம் புறாக் கூண்டு கட்டி, அலகையும் வாலையும் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். அவர் பெயர் சார்லஸ் டார்வின். அவர் ஆராய்ந்த புறாக்களில் சில நம்ம மெட்ராஸ் மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவை. அனுப்பியவர், செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து நாம சாதாரணமா போய்வரும் மாமல்லபுரத்தைப் பற்றியும் எழுதி வைத்தவர். அதனால இந்தக் கதையில நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.

படிப்பு ஏறாத பையன்

டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தார். அப்பா ராபர்ட் வசதியான டாக்டர். அம்மா சூசன்னா, புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் குடும்பத்துப் பெண். பையனுக்கு எட்டு வயதில் அம்மா இறந்துவிட்டார்.

அப்பா டாக்டர், அதனால் மகனும் டாக்டர். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்குல்ல? 1825-ல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். மயக்க மருந்து வராத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பாதியிலேயே விட்டு ஓடிவந்தவர், அதன் பிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை. 1827-ல் டிஸ்கன்டினியூ. ஆனால் அங்கே ஒரு உருப்படியான வேலையைக் கற்றுக்கொண்டார். கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்பவர், பறவைகளின் தோலை உரித்துப் பாடம் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்.

அடுத்து, பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பாடத்தைவிட வண்டு பிடிப்பதில்தான் ஆர்வம். ஒருமுறை இரண்டு கையிலும் ஆளுக்கொரு வண்டு. மூன்றாவதாக ஒரு அபூர்வ வண்டு கண்ணில் பட, கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது காரமான திரவத்தைப் பீய்ச்ச, துப்பவேண்டியதாயிற்று. இப்படிப்பட்டவர் 1831-ல் டிகிரி முடித்தபோது, ஹென்ஸ்லோ என்ற தாவரவியல் பேராசிரியர் மூலம் ஒரு கடிதம் வந்தது. பீகிள் என்ற கப்பல் தென் அமெரிக்கக் கரையை அளக்கப் போகிறது, இயற்கை ஆர்வலர் ஒருவர் வேண்டும். அப்பா முடியாது என்றார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் நேரில் வந்து பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். உலகத்தின் போக்கை மாற்றிய தாய்மாமன்களில் இவருக்கு ஒரு இடம் உண்டு.

லேபிள் ஒட்டாத குருவிகள்

1831 டிசம்பர் 27 அன்று கிளம்பிய கப்பல் இரண்டு வருஷத்தில் திரும்புவதாகத் திட்டம். திரும்பியது 1836 அக்டோபர் 2. ஏறக்குறைய ஐந்து வருஷம், கப்பலில் இருந்தபோது கடல் ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி வாந்தி. திரும்பும் வழியில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து கோகோஸ் தீவு, மொரிஷியஸ் என்று போனாலும் நம்ம கரையில் அவர் கால் வைக்கவில்லை.

காலாபகோஸ் தீவுகளில் குருவிகளைப் பார்த்ததும் பரிணாமம் பளிச்சென்று தெரிந்துவிட்டது என்று ஒரு கதை சுற்றுகிறது. நடந்தது வேற. 1835-ல் ஐந்து வாரம் அங்கே இருந்த டார்வின், எந்தக் குருவி எந்தத் தீவில் சுட்டது என்று ஒழுங்காகக் குறித்து வைக்கவே இல்லை. லண்டன் திரும்பிய பிறகு, 1837-ல், பறவை நிபுணர் ஜான் கூல்டு அவற்றைப் பார்த்து, வெவ்வேறு குடும்பமாகத் தெரியும் இவை எல்லாமே நெருங்கிய சொந்தம் என்று சொன்னார். அதற்குப் பிறகு, கேப்டனும் உதவியாளரும் தனியாகச் சேகரித்து வைத்த பறவைகளின் குறிப்பைத் தேடி வாங்கவேண்டி வந்தது. லேப் ரெக்கார்டை அப்புறம் எழுதிக்கலாம் என்று விடுபவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

அந்த வருஷமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிளைவிட்ட மரம் ஒன்றை வரைந்தார். 1838-ல் மக்கள்தொகை பற்றிய மால்தஸ் நூலைப் படித்தபோது கடைசித் துண்டு கிடைத்தது. பிறப்பவை அதிகம், பிழைப்பவை கொஞ்சம். பிறப்பவை ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சின்ன வித்தியாசம் பிழைக்க உதவினால் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். வேறுபாடு, தேர்வு, மரபு. நீங்க எழுதும் கோடில் மியூட்டேஷன், செலக்‌ஷன், கிராஸ்ஓவர் என்று மூன்று ஃபங்ஷன் இருக்கே, அதன் விதை இதுதான்.

சொல்லாமல் வைத்திருந்த இருபது வருஷம்

1839 ஜனவரியில் டார்வின் எம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். யார் அந்த எம்மா? கப்பலுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்த அதே தாய்மாமனின் மகள். 1842-ல் லண்டனை விட்டு டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். அந்த வருஷம் தன் கருத்தை 35 பக்கத்தில் எழுதினார், 1844-ல் அதைச் சுமார் 230 பக்கமாக விரித்தார். பிறகு அதை வெளியிடாமல் மூடி வைத்தார். தான் இறந்துபோனால் 400 பவுண்டு செலவழித்து இதை வெளியிடவேண்டும் என்று எம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தார்.

ஏன் மூடி வைத்தார் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சர்ச் பற்றிய பயம் இருந்தது. எம்மா ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவர். அதைவிட, தன் கருத்தை எந்தக் கேள்வி உடைக்கும் என்று அவரே தேடிக்கொண்டிருந்தார். உயிரின வகைகளைப் பற்றிப் பேச, ஒரு வகையையாவது முழுசாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 1846 முதல் எட்டு வருஷம் பார்னக்கிள் எனப்படும் கடல் சிப்பி போன்ற சிற்றுயிர்களையே அறுத்துப் பார்த்தார். மாமல்லபுரம் பாறைகளிலும் படகின் அடிப்பக்கத்திலும் கொத்தாக ஒட்டியிருக்குமே, அந்தக் குடும்பம்தான்.

நடுவில் வீட்டில் ஒரு இடி விழுந்தது. மூத்த மகள் ஆனி காய்ச்சலில் படுத்தாள். சிகிச்சைக்காக மால்வர்ன் ஊருக்கு அழைத்துப்போனார். நிறைமாத கர்ப்பிணியான எம்மாவால் கூடப் போக முடியவில்லை. 1851 ஏப்ரல் 23 அன்று, பத்து வயதில், ஆனி அப்பாவின் கண்முன் இறந்தாள். பிழைப்பவை கொஞ்சம் என்ற வாக்கியம் அவருக்கு அதன் பிறகு வெறும் கணக்காக இருந்திருக்க முடியாது.

மெட்ராஸிலிருந்து போன புறாத் தோல்கள்

1855-ல் டார்வின் புறா வளர்க்க ஆரம்பித்தார். காட்டில் நடக்கும் தேர்வை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, அதற்கு எத்தனையோ தலைமுறை வேண்டும். ஆனால் புறா வளர்ப்பவர் அதைத் தன் கூண்டுக்குள்ளேயே செய்கிறார். நல்ல வாலுள்ள ஜோடியைச் சேர்க்கிறார், குஞ்சுகளில் சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறார், மறுபடி சேர்க்கிறார். வடசென்னையில் மொட்டைமாடியில் கர்ணப்புறா வளர்க்கும் அண்ணன்கள் யாரையாவது தெரியும் என்றால் கேட்டுப் பாருங்க. எந்த ஜோடி, எந்த ரத்தம் என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிப்பார்கள். டார்வினும் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போனார். லண்டனில் இரண்டு புறா கிளப்பில் சேர்ந்து, மதுக்கடைகளில் கூடும் வளர்ப்பாளர்களோடு உட்கார்ந்து கேள்வி கேட்டார். வாங்க முடிந்த எல்லா வகையையும் வாங்கினார், செத்தவற்றின் எலும்புக்கூட்டை எடுத்து அளந்தார்.

இங்கிலாந்துப் புறா மட்டும் போதாது என்பதால் உலகம் முழுக்கக் கடிதம் போட்டார். அதில் ஒன்று, 1856-ன் தொடக்கத்தில், வால்டர் எலியட்டுக்கு. எலியட் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் ஏறக்குறைய நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். அமராவதி சிற்பங்களைத் தோண்டி மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். மாமல்லபுரத்தைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து எம்.டபிள்யூ. கார் 1869-ல் மெட்ராஸில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் எலியட் எழுதியதும் இருக்கிறது. இவர் நம்ம பக்கத்து வளர்ப்புப் புறாக்களின் பாடம் செய்த தோல்களைக் கப்பலில் டவுன் வீட்டுக்கு அனுப்பினார். பாரசீகத்திலிருந்து சார்லஸ் மரே என்பவர் அனுப்பினார். இரண்டு பேருக்கும் டார்வினின் புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே பெயர் சொல்லி நன்றி இருக்கிறது.

இத்தனை வகையையும் வைத்து அவர் வந்து சேர்ந்த முடிவு: விசிறி வால், பருத்த கழுத்து, குட்டை அலகு, கர்ணம் போடும் வகை, எல்லாமே ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. அது சாதாரண மாடப்புறா. இதைச் சோதிக்க, நீலமே இல்லாத கறுப்பு வகையையும் வெள்ளை வகையையும் கலந்து, அதன் குஞ்சுகளை மறுபடி கலந்தார். பேரக் குஞ்சுகளில் ஒன்று நீலச் சாம்பல் உடம்பும் சிறகில் இரண்டு கறுப்புப் பட்டையுமாகப் பிறந்தது. அப்படியே மாடப்புறா. கோயில் கோபுர மாடங்களில் நாம தினம் பார்க்கிறோமே, அதே ஜாடை.

முட்டைக்குள்ளேயே சாகும் குஞ்சு

1858 ஜூனில் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபது வருஷமாக மூடி வைத்திருந்த அதே கருத்து, வாலஸ் தானாகவே யோசித்து எழுதியது. டார்வின் நொறுங்கிப்போனார். அதே வாரங்களில் வீட்டில் கைக்குழந்தைக்கு விஷக் காய்ச்சல். நண்பர்கள் லையலும் ஹூக்கரும் இரண்டு பேரின் எழுத்தையும் சேர்த்து 1858 ஜூலை 1 அன்று லின்னியன் சங்கத்தில் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். வாலஸ் எங்கோ தீவில். டார்வினும் போகவில்லை. மூன்று நாளுக்கு முன்னால்தான் அந்தக் குழந்தை இறந்திருந்தது.

அதன் பிறகு வேகமாக எழுதி, 1859 நவம்பர் 24 அன்று உயிரினங்களின் தோற்றம் வெளியானது. அச்சிட்டது 1,250 பிரதிகள். விற்பனைக்கு வந்தவற்றைப் புத்தக வியாபாரிகள் உடனே எடுத்துக்கொண்டார்கள். வெளிவருவதற்கு முன்னால் கையெழுத்துப் பிரதியைப் படித்த எல்வின் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். மற்றதை விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் நன்றாக விற்கும் என்பது அது. டார்வின் கேட்கவில்லை. ஆனால் புத்தகத்தைப் புறாவோடுதான் ஆரம்பித்தார். முதல் அத்தியாயம் மனிதன் செய்யும் தேர்வு. இயற்கையின் தேர்வு நாலாவது அத்தியாயம்தான்.

இந்த வித்தியாசத்தைத்தான் நீங்க பிடிச்சுக்கணும். உங்க ப்ராஜெக்ட்டின் பெயரில் இயற்கை இருக்கலாம். ஆனா அதில் நடப்பது முதல் அத்தியாயம். அங்கே தேர்வு செய்வது காடோ கடலோ இல்ல, நீங்க. நீங்க எழுதும் ஃபிட்னெஸ் ஃபங்ஷன்தான் புறா வளர்ப்பவரின் கண்.

அந்தக் கண் எங்கே தவறும் என்பதையும் டார்வின் எழுதி வைத்திருக்கிறார். குட்டை அலகுள்ள கர்ணப்புறாவுக்குப் பந்தயத்தில் மதிப்பு அதிகம். அலகு எவ்வளவு குட்டையோ அவ்வளவு பரிசு. அதை மட்டுமே பார்த்துத் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்ததில், மிகச் சிறந்த வகைகளின் குஞ்சுகளுக்கு முட்டை ஓட்டை உடைக்கவே அலகு போதவில்லை. வெளியே வருபவற்றைவிட உள்ளேயே சாகும் குஞ்சுகள் அதிகம் என்றும், வளர்ப்பவர்களே ஓட்டை உடைத்துவிட வேண்டியிருந்தது என்றும் அவர் கேள்விப்பட்டு எழுதினார். கேட்டது கிடைத்தது. கேட்க மறந்தது செத்தது.

இப்போ ஆன்டெனாவுக்கு வருவோம்

கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கொட்டியிருக்கும் கற்களில் மோதித் திரும்பும் அலை, எதிரே வரும் அலையோடு சேரும்போது கவனிச்சிருக்கீங்களா? ஒரு இடத்தில் எகிறும், ஒரு இடத்தில் அடங்கிவிடும். ஆன்டெனா அரே செய்வதும் இதுதான். சின்னச் சின்ன ஆன்டெனாக்களை வரிசையாக வைத்தால், அவற்றின் அலைகள் ஒரு திசையில் கூடி மெயின் லோப் ஆகும். மற்ற திசைகளில் முழுசாக அடங்காமல் மிச்சம் நிற்பவை சைடு லோப். ஓ.எம்.ஆரில் 5ஜி கம்பத்தின் மேல் தெரியும் தட்டையான பெட்டிக்குள் இருப்பதும் இப்படிப்பட்ட அணிதான்.

20 ஆன்டெனாக்களை அரை அலைநீள இடைவெளியில் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம் கொடுத்தால் முதல் சைடு லோப் மெயின் லோபைவிடச் சுமார் 13 டெசிபல்தான் கீழே இருக்கும். அதாவது இருபதில் ஒரு பங்கு சக்தி வேண்டாத திசையில் எட்டிப் பார்க்கும். ரேடாரில் அது பொய் இலக்கு, செல்போன் டவரில் பக்கத்து செல்லுக்கு இரைச்சல். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மின்னோட்டம் கொடுத்து இதைக் குறைக்க டால்ஃப் 1946-லேயே செபிஷேவ் பல்லுறுப்பு வைத்து வழி கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குச் சுற்று சிக்கலாகும். இன்னொரு வழி, சிலவற்றை ஆன் செய்து சிலவற்றை ஆஃப் செய்வது. எதை ஆஃப் செய்வது?

20 ஆன்டெனா என்றால் 10,48,576 வழி. லேப்டாப்பே எல்லாவற்றையும் பார்த்துவிடும். 200 ஆன்டெனா, இடதும் வலதும் சமச்சீர் என்றால் 100 பிட். 1-க்குப் பின்னால் 30 பூஜ்யம் போட்ட அளவுக்கும் மேல். நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் 40 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். 1994-ல் ராண்டி ஹாப்ட், ஜெனெடிக் அல்காரிதம் வைத்து இந்தக் கணக்கில் இறங்கினார். ஒவ்வொரு 0-1 வரிசையும் ஒரு புறா. சைடு லோப் குறைந்தவை கூண்டில் தங்கும், மற்றவை வெளியே. தங்கியவற்றை ஜோடி சேர்த்து, அங்கங்கே ஒரு பிட்டை மாற்றி, மறுபடி அளப்பது. எல்லா வழியையும் பார்க்காமலேயே நல்ல விடைக்கு வந்துவிடலாம்.

ஓட்டையைக் காட்டிய இன்ஜினியர்

டார்வினின் கருத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை 1867-ல் எடுத்துக் காட்டியவர் ஒரு இன்ஜினியர். ஃப்ளீமிங் ஜென்கின், கடலடித் தந்திக் கம்பிகள் போடுவதில் வேலை பார்த்தவர். அவர் கேட்டது எளிமையானது. அப்பா, அம்மா குணங்கள் பாலும் டிகாஷனும் மாதிரி கலக்கும் என்றுதானே எல்லாரும் நம்புகிறோம்? அப்படியென்றால் ஒரு நல்ல மாற்றம் முதல் தலைமுறையில் பாதி, அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் அரைக்கால் என்று நீர்த்துப் போய்விடுமே, தேர்வு செய்ய என்ன மிஞ்சும்?

டார்வினிடம் சரியான பதில் இல்லை. 1868-ல் அவர் கொடுத்த மரபு விளக்கம் தவறாகவே முடிந்தது. சரியான பதில் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1866-ல், அச்சில் வந்துவிட்டது. கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து, மரபு திரவம்போல் கலப்பதில்லை, முழுத் துண்டுகளாக அப்படியே கைமாறுகிறது என்று காட்டியிருந்தார். டார்வின் சாகும்வரை அது அவர் கண்ணில் படவில்லை. உங்க கோடில் 0, 1 என்று பிட் எழுதுறீங்களே, கிராஸ்ஓவரில் அவை கலங்காமல் அப்படியே குழந்தைக்குப் போகுதே, அந்தப் பகுதி மெண்டலுடையது. தேர்வு டார்வின், பிட் மெண்டல்.

இன்னொரு கவலை அவர் வீட்டிலிருந்தே வந்தது. பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். மாமன் மகளைக் கட்டியதுதான் காரணமோ என்ற எண்ணம் அவரை விடவில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைப் பற்றி 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி சேர்க்கவேண்டும் என்று முயன்றார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. மனிதரைக் கேட்க முடியாதபோது செடியைக் கேட்டார். பதினோரு வருஷம் செடிகளைத் தன் மகரந்தத்தாலும் அயல் மகரந்தத்தாலும் சேர்த்துப் பார்த்து, அயல் கலப்பில் வந்தவை பெரும்பாலும் உயரமாகவும் வலுவாகவும் இருப்பதை 1876-ல் வெளியிட்டார்.

இதையும் உங்க ஸ்கிரீனில் பார்க்கலாம். முதல் பத்துத் தலைமுறையிலேயே சிறந்த நாலு புறாவை மட்டும் வைத்துக்கொண்டால், கூண்டு முழுக்க ஒரே ரத்தம் ஆகிவிடும். கிராஃப் படுத்துவிடும். விடை கிடைத்துவிட்டது என்று நினைப்பீங்க. கிடைத்தது பக்கத்தில் இருந்த சின்னக் குன்று, மலை வேறெங்கோ இருக்கும். மியூட்டேஷனும், சுமாரான சிலரையும் கூண்டில் விட்டுவைக்கும் பொறுமையும் அதற்குத்தான்.

அவர் பார்க்காத ஆன்டெனா

கடைசி வருஷங்களில் டார்வின் கொடிகளையும் பூச்சி தின்னும் செடிகளையும் மண்புழுவையும் பார்த்துக்கொண்டிருந்தார். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று மகனை ஊதுகுழல் வாசிக்கச் சொல்லிச் சோதித்தார். 1881-ல் வந்த கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியதுதான். 1882 ஏப்ரல் 19 அன்று இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஹெர்ட்ஸ் முதன்முதலில் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியது அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து. அதனால் டார்வின் ஒரு ஆன்டெனாவைக்கூடப் பார்த்ததில்லை.

1960களில் பெர்லினில் இங்கோ ரெக்கன்பெர்க், காற்றுச் சுரங்கத்தில் தகடுகளின் வடிவத்தைத் தற்செயலாக மாற்றி, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு போனார். அமெரிக்காவில் ஹாலண்டு பிட் வரிசைகளோடு வந்தார். 1995-ல் கென்னடி என்ற சமூக உளவியலாளரும் எபர்ஹார்ட் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினியரும் பறவைக் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு முறை கொடுத்தார்கள். சாயங்காலம் வேடந்தாங்கல் ஏரிக்குத் திரும்பும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். ஒவ்வொரு பறவையும் தான் கண்ட நல்ல இடத்தையும், கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் நினைவில் வைத்துத் திரும்புகிறது.

2006 மார்ச் 22 அன்று நாசா எஸ்.டி.5 என்ற மூன்று குட்டி செயற்கைக்கோள்களை அனுப்பியது. அதில் இருந்த ஒரு ஆன்டெனாவை மனிதர் யாரும் வரையவில்லை. கண்டபடி வளைத்த பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும் அது, கணினியில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தது. அதன் ஃபிட்னெஸ் ஃபங்ஷனில் கெயின் மட்டும் இல்லை. தேவையான கோணங்களில் கெயின் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதும், கேபிளோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதும் சேர்ந்தே இருந்தன. முட்டை ஓட்டை உடைக்க அலகு வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

நம்ம ரிவ்யூக்களில் மறப்பது அதைத்தான். சைடு லோப் மைனஸ் முப்பது வந்துவிட்டது என்று கிராஃப் காட்டுவோம். பக்கத்து ஆன்டெனாவோடு ஏற்படும் கப்ளிங்கைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஃபேப்ரிகேஷனில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால்? ஒரு எலிமென்ட் செத்துப்போனால்? இதெல்லாம் ஃபங்ஷனில் இல்லாவிட்டால், ஸ்கிரீனில் பரிசு வாங்கும் புறா லேப் டேபிளில் முட்டையை விட்டு வெளியே வராது.

அதனால் அடுத்த தடவை ரன் கொடுப்பதற்கு முன்னால் இதை மட்டும் செய்யுங்க. இந்த ஆன்டெனா நிஜ உலகத்தில் எதனால் எல்லாம் சாகும் என்று ஒரு பேப்பரில் பட்டியல் போடுங்க. அதில் பாதியாவது ஃபிட்னெஸ் ஃபங்ஷனில் ஏறணும். ஒரே ஒரு ரன்னை நம்பாதீங்க, வேறு வேறு ரேண்டம் ஸீடு வைத்து முப்பது தடவை ஓட்டுங்க. அதே எண்ணிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ரேண்டமாகத் தேடினால் என்ன வருகிறது, செபிஷேவ் என்ன தருகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்க. உங்க ஓநாயோ திமிங்கிலமோ அவற்றைத் தாண்டவில்லை என்றால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்க. தன் கருத்தை எது உடைக்கும் என்று இருபது வருஷம் தேடிய மனிதரின் முறையைக் கடன் வாங்கிவிட்டு, இரண்டு வாரம்கூடத் தேடாமல் விடுவது நியாயம் இல்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போற வழியில் திருக்கழுக்குன்றம் வரும். இறங்க நேரம் கிடைத்தால் கோயில் பக்கம் மாடப்புறா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. நீலச் சாம்பல் உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை. உலகத்தில் உள்ள அத்தனை அலங்காரப் புறாவுக்கும் மூதாதை அதுதான். அதை யாரும் பரிசுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அலகு மட்டும் சரியான அளவில் இருக்கும்.